தம்பி பாட்டைக் கேட்க அண்ணன் இல்லை!

ஒருபுறம் மேகமலை, மறுபுறம் தேவிகுளம் மலை. நடுவே கம்பம் பள்ளத்தாக்கு. அங்குள்ள பண்ணைபுரத்துக்காரர் பாவலர் வரதராசன். இளையராஜாவின் அண்ணன்.

கம்யூனிஸ்டு கட்சியின் மேடைப் பாடகர். ஊரே முணுமுணுக்கும் சினிமா மெட்டை எடுப்பார். அதில் கட்சிக் கருத்தைத் தன் வரியில் போடுவார். படிக்காதவர் மண்டையிலும் விஷயம் 'டக்'கென்று ஏறும்.

இடைத்தேர்தல்

1958-ல் கேரளாவில் தேவிகுளம் இடைத்தேர்தல். நம்பூதிரிபாடு ஆட்சிக்கோ நூலிழை மெஜாரிட்டி. அங்கே தமிழ்த் தேயிலைத் தொழிலாளர் ஓட்டு அதிகம். பாவலர் மலையேறிப் பாடினார். கட்சி வேட்பாளர் ரோசம்மா புன்னூஸ் ஜெயித்தார்.

தம்பிகள்

தம்பிகள் பாஸ்கர், ராசையா, அமர்சிங் மூவருக்கும் அண்ணன் குழுதான் பள்ளிக்கூடம். ராசையா சேர்ந்தபோது வயது 14.

1960-களின் கடைசியில் தம்பிகள் குழுவை விட்டு சென்னைக்குக் கிளம்பினார்கள். ராசையா, தன்ராஜ் மாஸ்டரிடம் இசை படித்தார். சினிமா ஆர்க்கெஸ்டிராவில் கிதார் வாசித்தார்.

1976-ல் "அன்னக்கிளி" வந்தது. கிதார்க்காரர் ராசையா, 'இளையராஜா'வாகி தனியாக இசையமைத்த முதல் படம். பட்டிதொட்டி எல்லாம் அந்தப் பாட்டுதான்.

அதைக் கேட்க அண்ணன் உயிரோடு இல்லை. பிறகு சொந்தப் படக் கம்பெனிக்குத் தம்பிகள் வைத்த பெயர்: "பாவலர் கிரியேஷன்ஸ்"!