மா அரைத்தவரின் அலைக் கணக்கு

பிள்ளைகளே, கோடை விடுமுறையில் மார்கேட் கடற்கரைக்குப் போயிருக்கிறீங்களா? அடுத்த முறை போனால், ஒரே ஒரு அலையைத் தூரத்திலிருந்தே பாருங்கோ. கரைக்குக் கிட்ட வர வர அதன் வேகம் குறையும். உயரம் கூடும். கடைசியில் தலை குனிந்து உடைந்து விழும். ஏன் அப்படி? அதற்குக் கணக்குப் போட்ட ஒருவரின் கதை இது.

அவர் பெயர் ஜோர்ஜ் கிரீன். 1793இல் இங்கிலாந்தில், நொட்டிங்ஹம் நகரில் பிறந்தார். அப்பாவுக்குப் பேக்கரி இருந்தது. ஜோர்ஜ் எட்டு வயதில் பள்ளிக்கூடம் போனார். ஏறத்தாழ ஒரு வருடம்தான்! ஒன்பது வயதில் பேக்கரி வேலைக்கு வந்துவிட்டார். பிறகு அப்பா, மா அரைக்க ஒரு பெரிய காற்றாலை கட்டினார். ஜோர்ஜுக்கு அங்கே வேலை.

ஆனால் அவருக்குக் கணக்கு என்றால் உயிர். தானாகவே படித்தார். 1828இல் மின்சாரம், காந்தம் பற்றி ஒரு புத்தகம் எழுதி, சொந்தக் காசில் அச்சிட்டார். வாங்க முன்வந்தவர்கள் 51 பேர்தான். அவர்களில் கனபேருக்கு அது விளங்கியிருக்காது. அவர் விடவில்லை. 40 வயதில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் மாணவராகச் சேர்ந்தார்.

1837இல் அலைகளைப் பற்றி யோசித்தார். நீரின் அடித்தரை மெல்ல மெல்ல உயர்ந்தால், அலைக்கு என்ன நடக்கும்? அலையின் முன்பக்கம் ஆழம் குறைந்த இடத்துக்கு முதலில் வரும். அங்கே அதன் வேகம் குறையும். பின்பக்கம் இன்னும் வேகமாக வரும். அதனால் அலை நெருக்குப்பட்டு மேலே எழும். ஆழம் 16இல் ஒரு பங்காகக் குறைந்தால், உயரம் 2 மடங்காகும். இதுதான் கிரீனின் கணக்கு. அலை உடையும் இடத்தில் மட்டும் இது சரிவராது.

2004 டிசம்பர் 26இல் வந்த சுனாமி பற்றி வீட்டில் சொல்லியிருப்பார்கள். நடுக்கடலில் அந்த அலையின் உயரம் சுமார் 60 சென்ரிமீற்றர் என்று செய்மதி அளந்தது. ஆனால் முல்லைத்தீவிலும் நாகப்பட்டினத்திலும் அது பல மீற்றர் உயர்ந்து ஊருக்குள் வந்தது. கனபேர் இறந்துபோனார்கள். இன்று, சுனாமி கரையில் எவ்வளவு உயரும் என்று மதிப்பிட, விஞ்ஞானிகள் கிரீனின் கணக்கையும் பயன்படுத்துகிறார்கள்.

கிரீன் 1841இல், 47 வயதில் இறந்தார். தன் பெருமை அவருக்கே தெரியாது. 1845இல் வில்லியம் தொம்சன் என்ற இளைஞரின் கையில் அந்தப் பழைய புத்தகம் கிடைத்தது. பின்னாளில் கெல்வின் பிரபு என்று பேர் பெற்றவர் அவர்தான். அவர் அதை மற்ற அறிஞர்களுக்குக் காட்டினார். அதன்பிறகுதான் உலகம் கிரீனை அறிந்தது.

லண்டனில் வெஸ்ட்மின்ஸ்டர் அபேக்குப் போனால், நியூட்டனின் கல்லறைக்குக் கிட்ட நிலத்தைப் பாருங்கோ. 1993இல் பதித்த ஒரு கல்லில் ஜோர்ஜ் கிரீனின் பெயர் இருக்கும். அவருடைய காற்றாலையும் நொட்டிங்ஹமில் இன்னும் மா அரைக்கிறது.

செய்து பாருங்கோ: 1600 மீற்றர் ஆழத்தில் ஒரு சுனாமி அலையின் உயரம் 1 மீற்றர். 100 மீற்றர் ஆழத்துக்கு வரும்போது அதன் உயரம் எவ்வளவு?