சீர்காழி தந்த நூலக மேதை

நாம் குடியேறி வாழும் இத்திருவனந்தபுரத்தில், 1829-ஆம் ஆண்டு சுவாதித் திருநாள் மகாராஜா காலத்தில் தோன்றிய பொது நூல்நிலையம், பாளையத்தில் இன்றும் விளங்குகிறது. அதன் படிகளில் ஏறாத தமிழ்க் குடும்பம் நம் காலனியில் அரிது. ஆயினும், புத்தகம் எடுத்துக் கொடுக்கும் உத்தியோகத்திற்குத் தனிப் படிப்பு எதற்கு என்று கேட்போர் நம்மிடையே உண்டு. நாமும் நெடுநாள் அவ்வாறே எண்ணியிருந்தோம். அவ்வெண்ணத்தைப் போக்கியது சீர்காழி ரங்கநாதன் அவர்களின் சரிதமே.

1892-ஆம் ஆண்டில் தஞ்சைத் தரணியிலே பிறந்த அன்னார், இளமையிலேயே தந்தையை இழந்தார். சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் பயின்று, கணிதத்தில் எம்.ஏ. பட்டம் பெற்று, மங்களூரிலும் கோயம்புத்தூரிலும் பின்னர்ச் சென்னை மாநிலக் கல்லூரியிலும் ஆசிரியராக விளங்கினார். 1924-இல் சென்னைப் பல்கலைக்கழகம் தன் முதல் நூலகரைத் தேடிற்று. விண்ணப்பித்தோர் ஏறத்தாழத் தொள்ளாயிரவர். நூலகப் பயிற்சி பெற்றவரோ ஒருவருமிலர். ரங்கநாதனும் ஒரு கலைக்களஞ்சியக் கட்டுரையைப் படித்துவிட்டே நேர்முகத்திற்குச் சென்றாராம். கணித ஆராய்ச்சிக் கட்டுரைகள் அவருக்குப் பதவியைப் பெற்றுத் தந்தன.

பதவி ஏற்ற சில நாட்களிலேயே தனிமையும் சலிப்பும் மேலிட, மீண்டும் ஆசிரியப் பணியை வேண்டினார். லண்டன் சென்று நூலகக் கலையைக் கற்று வருமாறும், அதன் பின்னரும் மனம் ஒப்பாவிடில் பழைய பணிக்கே திரும்பலாம் என்றும் மேலோர் இசைந்தனர். அங்கே பேர்விக் சேயர்ஸ் என்னும் ஆசிரியரிடம் பாடம் கேட்டார். நூற்றுக்கு மேற்பட்ட நூலகங்களை நேரிற் கண்டார். ஏழைத் தொழிலாளியும் நூல் பெற்றுப் பயன்துய்க்கும் முறையைக் கண்டு வியந்தார். 1925-இல் நாடு திரும்பியவர் பழைய பணியைக் கேட்கவேயில்லை.

தாம் பயிற்சியின்றி நாற்காலியில் அமர்ந்த அல்லலைப் பிறர் படலாகாது என்று அவர் கருதினார் போலும். 1928-இல் சென்னை நூலகச் சங்கம் தோன்றிற்று. மறு ஆண்டே நூலகப் பயிற்சிப் பள்ளி தொடங்கிற்று. 1931-இல் நூலகவியலின் ஐந்து விதிகளை நூலாக்கினார். 1933-இல் கோலன் பகுப்பு முறையை வெளியிட்டார். காசியிலும் தில்லியிலும் நூலகவியல் கற்பித்தார். தம் சேமிப்பில் ஓர் இலட்சம் ரூபாயைச் சென்னைப் பல்கலைக்கழகத்திற்கு வழங்கி, மனைவியார் சாரதா அம்மையார் பெயரால் நூலகவியற் பேராசிரியர் பதவி ஒன்றை நிறுவச் செய்தார்.

அன்னாரது முயற்சியின் பயனாக, 1948-இல் சென்னைப் பொது நூலகச் சட்டம் பிறந்தது. ஆயினும், சட்டம் வகுத்த நூலக இயக்குநர் பொறுப்பைக் கல்வித் துறைத் தலைவரே நெடுங்காலம் சேர்த்து வகித்து வந்தார். தனி இயக்ககம் 1972-இல்தான் ஏற்பட்டது. அவ்வாண்டிலேயே செப்டம்பர் 27-ஆம் நாள் பெங்களூரில் ரங்கநாதன் மறைந்தார்.

விதி நூல் கற்றுத் தேறாதவர் கையில் ரயில் நிலையத்துக் கொடியைக் கொடுக்க எவரும் துணியார். ஓர் ஊரின் அறிவுச் செல்வத்தை மட்டும், ஓய்வுள்ளவர் யாராயினும் காக்கலாம் என விடுவது முறையாகுமா? நம் சங்கத்துப் புத்தக அலமாரியும் அவ்வாறே ஆண்டுக்கொருவர் கைமாறி, பட்டியலுமின்றிக் கிடக்கிறது. நாம் வாழும் இந்நகரிலேயே கேரளப் பல்கலைக்கழகம் நூலகவியல் கற்பிக்கிறது. நம் பிள்ளைகளில் ஒருவரேனும் அதனைப் பயின்று வரட்டும். அலமாரியின் சாவியை அவரிடம் மகிழ்வோடு ஒப்படைப்போம். அப்பெருந்தகைக்கு நாம் செய்யும் அஞ்சலி அதுவே.

வாழ்க ரங்கநாதனார் புகழ்!