யார் இந்த கே.எஸ்.கிருஷ்ணன்? சிலிகாவின் சேதத்தைக் காட்டும் ஒளிக்குப் பின்னால் ஒரு வத்திராயிருப்புக்காரர்!

மாட்டுத்தாவணியில் ராஜபாளையம் பஸ் ஏறினால், ஸ்ரீவில்லிபுத்தூருக்கு முன்னாடி கிருஷ்ணன்கோவில் வரும். அங்கிருந்து உள்ளே போனா வத்திராயிருப்பு. 1898 டிசம்பர் 4-ம் தேதி அங்கே பிறந்தவர் கே.எஸ்.கிருஷ்ணன். ராமன் விளைவு எல்லாருக்கும் தெரியும். அதன் சோதனைகளில் ராமனோடு தோளோடு தோள் நின்ற இவரைத்தான் பலருக்குத் தெரியாது.

மதுரை டு கொல்கத்தா

ஸ்ரீவில்லிபுத்தூரில் பள்ளி, மதுரை அமெரிக்கன் கல்லூரி, பிறகு சென்னை கிறிஸ்தவக் கல்லூரி. 1923-ல் கொல்கத்தாவில் சி.வி.ராமனின் ஆய்வுக் குழுவில் சேர்ந்தார்.

1928 பிப்ரவரியில் இருவரும் திரவங்கள் வழியே ஒளியைச் செலுத்திப் பார்த்தார்கள். சிதறும் ஒளியில் மிகச் சிறு பகுதி மட்டும் நிறம் மாறி வந்தது. மூலக்கூறின் அதிர்வுக்குத் தன் ஆற்றலில் கொஞ்சம் கொடுத்துவிட்டு வரும் ஒளி அது. எந்தப் பொருள் என்று காட்டிக்கொடுக்கும் கைரேகை மாதிரி! அதே ஆண்டு மாஸ்கோவில் லாண்ட்ஸ்பெர்க், மண்டல்ஸ்டாம் இருவரும் இதையே குவார்ட்ஸில் பார்த்தார்கள். குவார்ட்ஸ் என்பது படிக வடிவ சிலிகாதான்.

சிலிகாவுக்கு என்ன ஆகுது?

மணலிலும் கண்ணாடியிலும் இருப்பது சிலிகா. அதில் சிலிக்கான் அணுக்களை ஆக்சிஜன் பாலம் போல இணைக்கிறது. காமா கதிர் பட்டால் சில பாலங்கள் உடையும். இடம்பெயர்ந்த ஆக்சிஜன் அணுக்கள் மூலக்கூறாகச் சேர்ந்து உள்ளேயே மாட்டிக்கொள்ளவும் செய்யும். நானோ துகள்களில் கணிசமான அணுக்கள் மேற்பரப்பிலேயே இருப்பதால், பாதிப்பும் வேற மாதிரி இருக்கும்.

இது ஏன் முக்கியம்? அணு உலை, செயற்கைக்கோள் போன்ற இடங்களில் கதிர்வீச்சு படும் ஆப்டிகல் ஃபைபர் மெல்ல மங்கும், சிக்னல் குறையும். உள்ளே என்ன மாறியது என்று பார்க்க உதவுவது ராமன் நிறமாலைமானி. அகச்சிவப்பு லேசர் பட்டதும் சிக்கிய ஆக்சிஜன் 1,272 நானோமீட்டர் அலைநீளத்தில் வெளிவிடும் மெல்லிய ஒளியையும் இந்த வகைக் கருவியில் பிடிக்க முடியும்.

பரிசு ஒருவருக்கு

1928 மார்ச் 31-ல் நேச்சர் இதழில் வந்த கட்டுரையில் இருவர் பெயரும் இருந்தன. 1930 நோபல் பரிசு ராமனுக்கு மட்டும்.

கிருஷ்ணன் அதோடு நிற்கவில்லை. டாக்காவில் படிகங்களின் காந்தப் பண்புகளை ஆராய்ந்தார். 1940-ல் லண்டன் ராயல் சொசைட்டி உறுப்பினர், 1947-ல் டெல்லி தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் முதல் இயக்குநர், 1954-ல் பத்ம பூஷண். அறிவியலைத் தமிழிலும் எழுதினார். 1961 ஜூன் 14-ல் காலமானார்.

விளைவுக்கு அவர் பெயர் இல்லை. ஆனா, அதை முதலில் பார்த்த கண்களில் ஒரு ஜோடி வத்திராயிருப்புக்காரருடையது.