கிருமிகளை இனம் பிரித்த பேரறிஞர் இராபர்ட் கோக்

மக்கட்குலத்தின் நல்வாழ்விற்காக உழைத்த பெரியோர் பலர். அவருள் அரசாண்டோரையும் போர் வென்றோரையும் நாம் நன்கு அறிவோம். கண்ணுக்குப் புலப்படாத பகைவரை வெளிப்படுத்திக் காட்டியோரை அத்துணை நினைப்பதில்லை. அத்தகையோருள் தலைசிறந்தவர் ஜெர்மானிய நாட்டு மருத்துவ அறிஞர் இராபர்ட் கோக். அன்னாரின் வரலாற்றையும், அவர் தொடங்கி வைத்த ஒரு நுட்பமான கலை இன்று வளர்ந்துள்ள நிலையையும் நம் காலனிக் குடும்பத்தினருக்குச் சுருங்கக் கூற விழைகின்றோம்.

கோக் 1843-ஆம் ஆண்டு டிசம்பர் 11-ஆம் நாள் கிளாஸ்தால் என்னும் சுரங்க ஊரில் பிறந்தார். தந்தையார் சுரங்கத் துறை அலுவலர், மக்களோ பதின்மூவர். கோட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் பயின்று 1866-இல் பட்டம் பெற்றார். 1872 முதல் வோல்ஸ்டைன் என்னும் சிற்றூரில் அரசாங்க மருத்துவராக அமர்ந்தார். அங்கே ஆராய்ச்சிக்கூடமோ, நூல் நிலையமோ, உதவியாளரோ இல்லை. வீட்டின் ஒரு பகுதியையே ஆய்வுக்கூடமாக்கி, நோயாளிகளைப் பார்த்தபின் எஞ்சிய நேரத்தில் உருப்பெருக்கியின் முன் அமர்ந்தார். கால்நடைகளை மாய்த்த அடைப்பான் நோய்க்கு ஒரு குறிப்பிட்ட கிருமியே காரணம் என 1876-இல் மெய்ப்பித்தார். சிற்றூர் மருத்துவர் ஒருவரின் இச்சாதனை கண்டு பேராசிரியர்களும் வியந்தனர். 1880-இல் பெர்லின் நகரம் அவரை அழைத்துக்கொண்டது.

அக்காலத்தில் ஐரோப்பாவில் நிகழ்ந்த மரணங்களில் ஏழில் ஒன்று காசநோயால் நிகழ்ந்ததெனக் கணக்கிட்டிருந்தனர். பரம்பரையாக வருவது என்றும், உடல்வாகு என்றும் பலர் கருதினர். கோக் நோயுற்ற திசுக்களை எடுத்துச் சாயமேற்றினார். மற்றவை பழுப்பு நிறம் கொள்ள, மெல்லிய குச்சி போன்ற கிருமிகள் மட்டும் நீலமாகத் தெரிந்தன. கண்டதோடு அவர் நிற்கவில்லை. கெட்டியாக்கிய இரத்தச் சீரத்தில், உடற்சூட்டில், வாரக்கணக்கில் பொறுத்திருந்து அவற்றைத் தனியே வளர்த்தார். வளர்த்தவற்றைச் சீமைப்பெருச்சாளிகளுக்கு ஊசி மூலம் செலுத்தி, அதே நோய் தோன்றுவதையும் காட்டினார். 1882-ஆம் ஆண்டு மார்ச்சு 24-ஆம் நாள் பெர்லினில் இதனை அறிவித்தார். அந்நாளே இன்று உலகக் காசநோய் நாளாகக் கொண்டாடப்படுகிறது.

அவ்வுரையைக் கேட்டிருந்த பால் எர்லிக் என்னும் இளைஞர், இக்கிருமி ஏற்ற சாயத்தை அமிலத்தால் கழுவினும் விடாது என்று கண்டார். பின்னர் சீல், நீல்சன் என்னும் இருவர் அம்முறையைச் செப்பனிட்டனர். சளியில் சிவப்புக் குச்சிகளைத் தேடும் பரிசோதனை இவ்வாறு பிறந்ததேயாகும்.

ஆயினும் இங்கே ஒரு சிக்கல் எழுந்தது. சாயத்தை விடாத குச்சிகள் யாவும் காசநோய்க் கிருமிகளா? தம் சாயம் தொழுநோய்க் கிருமியிலும் ஏறுவதைக் கோக் அன்றே குறித்திருந்தார். பின்னர்ப் புல்லிலும் பிற இடங்களிலும் அதே தோற்றமுடைய தீங்கற்ற கிருமிகள் அகப்பட்டன. இரயில்வேயில் பணிபுரியும் நாம் இதனை எளிதில் உணரலாம். சரக்கு வண்டிகள் யாவும் ஒரே நிறமாயிருப்பினும் எண்ணையும் சீட்டையும் பார்த்தன்றோ அனுப்புகின்றோம்! தோற்றத்தையே நம்பினால் அரிசி போகவேண்டிய ஊருக்கு நிலக்கரி போய்ச் சேரும்.

கோக் நம் நாட்டிற்கும் வந்தவர். 1883-ஆம் ஆண்டின் இறுதியில் கல்கத்தா அடைந்து, மறு ஆண்டுத் தொடக்கத்தில் வாந்திபேதிக்குரிய வளைந்த கிருமியைப் பிரித்தெடுத்தார்; அங்குள்ள ஒரு குளத்து நீரிலும் அதனைக் கண்டார். 1897-இல் பிளேக் நோயை ஆராயப் பம்பாய் வந்தார். 1905-இல் நோபெல் பரிசு பெற்றார்.

பெரியோர்க்கும் சறுக்கல் உண்டு. 1890-இல் டியூபர்குலின் என்னும் பொருளைக் காசத்திற்கு மருந்தென அறிவித்தார், அது குணப்படுத்தவில்லை. ஆனால் நோய்த் தொற்றைக் கண்டறியும் தோற்சோதனைக்கு அதுவே பயன்பட்டது. 1901-இல், மாட்டின் காசக்கிருமி வேறு, மனிதனுடையது வேறு என்றார், அது சரியே. மாட்டுக்கிருமியால் மனிதருக்குப் பெருந்தீங்கில்லை என்றும் கூறினார், அது பிழையாயிற்று. பாலைக் காய்ச்சிப் பருகுவது இன்றியமையாதது எனப் பின்வந்த ஆய்வுகள் நிலைநாட்டின. இனம் பிரித்தால் மட்டும் போதாது, ஒவ்வோர் இனத்தின் குணத்தையும் அறிதல் வேண்டும் என்பதற்கு இஃது ஒரு பாடம். 1910 மே 27-இல் அவர் மறைந்தார்.

அவருக்குப் பின் இக்கலை வளர்ந்தது. 1959-இல் அமெரிக்க அறிஞர் ரன்யன் இவ்வேற்றினக் கிருமிகளை நான்கு தொகுதிகளாக வகுத்தார். ஒளி பட்டால் மஞ்சளாவன ஒன்று. இருளிலும் மஞ்சளாயிருப்பன இரண்டு. நிறம் கொள்ளாதன மூன்று. ஒரு வாரத்திற்குள் வளர்ந்துவிடுவன நான்கு. காசக்கிருமியோ முட்டை கலந்த ஊட்டத்தில் வளரப் பல வாரங்கள் ஆகும். நயாசின் என்னும் பொருளைச் சேர்த்து வைப்பது பெரும்பாலும் அதன் அடையாளம். மற்றவை வளரும் சில இரசாயன ஊட்டங்களில் அது வளராது. இன்று மரபணுவின் எழுத்து வரிசையைப் படித்தே இனங்காணுகின்றனர். 150-க்கும் மேற்பட்ட இனங்கள் அறியப்பட்டுள்ளன.

இவ்வளவு நுணுக்கம் எதற்கு என வினவலாம். வேற்றினக் கிருமிகள் மண்ணிலும் குழாய் நீரிலும் வாழ்வன. பழுதுற்ற நுரையீரலில் அவை புகுந்தால் காசம் போலவே இருமலும் இளைப்பும் தரும். ஆனால் காச மருந்துகள் பலவற்றிற்கு அவை அடங்கா. பெயர் தவறினால் மருந்து தவறும், மாதங்கள் வீணாகும். மேலும் அவை பொதுவாக ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றுவதில்லை. ஆதலின் பெயர் தெளிந்தால், வீட்டின் ஒரு மூலையில் தனித்தட்டும் தனிக்குவளையுமாக ஒதுக்கப்பட்ட ஒருவரின் துயரும் தீரும். நம் தமிழகத்துச் செங்கற்பட்டு மாவட்டத்தில் 1968-இல் தொடங்கிய பி.சி.ஜி. ஆய்வில், பெரியவர்க்கு வரும் நுரையீரல் காசத்தை அத்தடுப்பூசி தடுக்கவில்லை எனத் தெரிந்தபோது, சூழலில் உள்ள இக்கிருமிகளும் ஒரு காரணமாகலாம் என அறிஞர் கருதினர்.

ஆகவே அன்பர்களே, இரண்டு வாரத்திற்கு மேல் இருமல் நீடித்தால் நாணமின்றிச் சளியைப் பரிசோதியுங்கள். மருந்துண்டும் குணமில்லையெனில், கிருமியை வளர்த்து இனங்காண வேண்டுமா என மருத்துவரைக் கேளுங்கள். நோயின் பெயரைத் திண்ணமாக அறியுமுன் நோயாளியை ஒதுக்காதிருங்கள். காசமேயாயினும் அது மருந்தால் தீரும் நோயே. பொறுமையோடு பார்த்துப் பகுத்தறிந்த அப்பேரறிஞருக்கு நாம் செலுத்தக்கூடிய நன்றி அதுவேயாம்.