கட்டுண்டு கிடந்த புனிதர்

மார்ச் 8-ஆம் நாள் திருச்சபை கொண்டாடும் இறைவனின் புனித அருளப்பரை, நோயாளிகளின் பாதுகாவலர் என்று நாம் அறிவோம். அவரே ஒரு காலத்தில் பைத்தியக்காரர் என்று கட்டிப்போடப்பட்டு அடிபட்டவர் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது.

1495-இல் போர்த்துக்கல் நாட்டில் பிறந்த அவர், எட்டு வயதிலேயே பெற்றோரைப் பிரிந்து ஸ்பெயினுக்கு வந்து சேர்ந்தார். ஆடு மேய்த்தார், போர்வீரரானார், ஊர் ஊராக அலைந்தார். நாற்பது வயதைத் தாண்டிய பின் கிரனாதா நகரில் ஒரு சிறு புத்தகக் கடை வைத்தார்.

அங்கே புனித செபஸ்தியார் திருநாளன்று அவிலா அருளப்பர் என்னும் குருவானவர் ஆற்றிய மறையுரை அவர் உள்ளத்தை உடைத்துவிட்டது. தலைமயிரைப் பிய்த்துக்கொண்டு, மண்ணில் புரண்டு, உடைமைகளையெல்லாம் வாரிக் கொடுத்துவிட்டுத் தெருவெல்லாம் அலறித் திரிந்தார். சிறுவர்கள் கல்லெறிந்தார்கள். அரச மருத்துவமனையில் அடைத்தார்கள். கைகால்களைக் கட்டிச் சாட்டையால் அடிப்பதே அந்நாளைய வைத்தியம். அடித்தால் புத்தி தெளியும் என்று மெய்யாகவே நம்பினார்கள். அது மனமாற்றமா, மனநோயா என்று வாதிடுவோர் உண்டு. எதுவாயினும் வேதனை உண்மை, அடியும் உண்மை.

அவிலா குருவானவர் அவரைக் கைவிடவில்லை. ஆள் அனுப்பி விசாரித்தார், தேற்றினார். மெல்ல மெல்ல அவர் தெளிவடைந்தார். கட்டவிழ்த்ததும் வீட்டுக்கு ஓடவில்லை. அங்கேயே தரை பெருக்கி, பாத்திரம் துலக்கி, உடன் அடிபட்டவர்களுக்குப் பணிவிடை செய்தார். இவர்களை அன்போடு நடத்த ஓர் இல்லம் வேண்டும் என்ற எண்ணம் அங்கேதான் பிறந்தது.

வெளியே வந்து விறகு சுமந்து விற்றார். வாடகைக்கு ஒரு வீடு பிடித்தார். மாலையானால் தோளில் கூடையும், கயிற்றில் தொங்கும் இரு சட்டிகளுமாய் வீதி வீதியாகப் பிச்சை எடுத்தார். ஒரே படுக்கையில் பல நோயாளிகளைக் கிடத்திய அந்தக் காலத்தில், அவர் ஆளுக்கொரு கட்டில் கொடுத்தார். முடவர், தொழுநோயாளர், மனநோயாளர் என நூற்றுப்பத்துக்கு மேற்பட்டோர் அங்கிருந்ததாக அவர் கடிதமொன்று கூறுகிறது. கடன் தொல்லையால் வெளியே தலைகாட்டாத நாட்களும் உண்டென்று அதிலேயே எழுதியிருக்கிறார். பிறரைத் தாங்கியவருக்கும் மனம் தளர்ந்தது. அதை அவர் நண்பரிடம் மறைக்கவில்லை.

நாம் மறைக்கிறோம். வீட்டில் ஒருவருக்குக் காய்ச்சல் என்றால் திருப்பலியில் மன்றாடப் பெயர் கொடுக்கிறோம். மனம் நொந்தவரின் பெயரைக் கொடுக்கக் கூசுகிறோம், மருத்துவரிடம் அழைத்துச் செல்லவும் தயங்குகிறோம்.

1549-இல் அந்த அரச மருத்துவமனையில் தீப்பிடித்தது. தாம் அடிபட்ட அதே கட்டடத்துக்குள் புகுந்து, நோயாளிகளைத் தூக்கியும் தோளில் சுமந்தும் வெளியே சேர்த்தார். நம் தமிழகத்தில் 2001 ஆகஸ்டு 6 அன்று ஏர்வாடியில் ஒரு காப்பகம் தீப்பற்றியபோது, சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் தப்பியோட வழியின்றி மாட்டிக்கொண்டார்கள். 28 பேர் மாண்டார்கள். நோயாளிகளைச் சங்கிலியால் பிணைப்பதை 2017-ஆம் ஆண்டின் மனநலச் சட்டம் தடைசெய்துள்ளது.

ஹெனீல் ஆற்று வெள்ளத்தில் மூழ்கிய ஓர் இளைஞனைக் காப்பாற்றக் குளிர்ந்த நீரில் இறங்கியதோடு அருளப்பர் நோயுற்றார். படுக்கையில் கிடந்தபோதும் கடன் கவலை விடவில்லை. கடன் கணக்கு எழுதிய ஏட்டைப் பேராயரிடம் ஒப்படைத்தார். அவற்றைத் தீர்ப்பதாகப் பேராயர் ஏற்றுக்கொண்டார். 1550 மார்ச் 8 அன்று முழந்தாளிட்டபடியே உயிர் நீத்தார்.