மன்னிப்பு கேட்ட ஆளுநர்

தேர்தலில் வென்றவர்களை நாம் நினைவில் வைத்திருக்கிறோம். அந்த வெற்றிக்கு விலை கொடுத்தவர்கள் யார் என்பதை மறந்துவிடுகிறோம். அமெரிக்காவின் அலபாமா மாநில ஆளுநர் ஜார்ஜ் வாலஸின் வாழ்வு அதை நமக்கு நினைவூட்டுகிறது.

நம் நாட்டைப் போலன்றி, அங்கே ஆளுநரை மக்களே தேர்ந்தெடுக்கிறார்கள். அலபாமாவில் 1874 முதல் நூறு ஆண்டுகளுக்கு மேலாக ஜனநாயகக் கட்சியே ஆளுநர் பதவியை வென்று வந்தது. எனவே, அக்கட்சி தன் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் முதற்கட்டத் தேர்தலே உண்மையான தேர்தலாக இருந்தது. அதிலும் கறுப்பின மக்களில் பெரும்பாலோர் வாக்களிக்க முடியாதபடி தடுக்கப்பட்டிருந்தனர்.

1958-இல் முதல்முறை போட்டியிட்ட வாலஸ், தம்மைவிடக் கடுமையாக இனவெறி பேசியவரிடம் தோற்றார். அதிலிருந்து அவர் தவறான பாடத்தைக் கற்றார். 1962-இல் இனப் பிரிவினையைப் பேசியே வென்றார். 1963-இல் இரண்டு கறுப்பின மாணவர்களைத் தடுக்கப் பல்கலைக்கழக வாசலில் நின்றார். 1965-இல் செல்மா நகரில் வாக்குரிமை கேட்டு அமைதியாக நடந்தவர்களை அவருடைய மாநிலக் காவலர்கள் அடித்து விரட்டினார்கள்.

1970-இல் மீண்டும் போட்டியிட்டார். முதல் சுற்றில் இரண்டாம் இடமே கிடைத்தது. வெள்ளையரின் அச்சத்தைத் தூண்டி இரண்டாம் சுற்றில் வென்றார்.

1972, மே 15 அன்று, அதிபர் பதவிக்கான பிரச்சாரத்தின்போது ஒருவன் அவரைச் சுட்டான். உயிர் பிழைத்தார், ஆனால் இடுப்புக்குக் கீழே செயலிழந்தது. அவரை எதிர்த்துப் போட்டியிட்ட கறுப்பினப் பெண்மணி ஷெர்லி சிசோம், தம் ஆதரவாளர்களின் கோபத்தையும் பொருட்படுத்தாமல் மருத்துவமனைக்குச் சென்று அவரைப் பார்த்தார்.

1974-இல் வாலஸ் எளிதாக மறுதேர்வு பெற்றார். ஆனால் தீராத வலி அவரைச் சிந்திக்க வைத்தது. எழுபதுகளின் இறுதியில் கறுப்பின மக்களிடம் மன்னிப்பு கேட்கத் தொடங்கினார். 1982-இல் அவர் நான்காம் முறை ஆளுநரானபோது, கறுப்பின மக்களில் பெரும்பாலோர் அவருக்கே வாக்களித்தார்கள்.

1965-இல் செல்மாவிலிருந்து நடந்து வந்தவர்களுக்குக் கடைசி இரவில் தங்க இடம் தந்தது, மான்ட்கமரி நகரின் கத்தோலிக்கப் பங்கான புனித யூதா வளாகம். முப்பது ஆண்டுகள் கழித்து, 1995-இல், அந்நடைப்பயணத்தை நினைவுகூர்ந்து நடந்தவர்களைச் சந்திக்க வாலஸ் அதே இடத்திற்குச் சக்கர நாற்காலியில் வந்தார். அவர்கள் அவருடைய கைகளைப் பற்றிக்கொண்டார்கள். 1998-இல் அவர் இறந்தார்.

அவருடைய மன்னிப்பு அடிபட்டவர்களின் காயங்களை இல்லாமல் ஆக்கிவிடவில்லை. வாக்குக்காக விதைத்த வெறுப்பை ஒரு சொல்லால் திரும்ப அள்ளிவிட முடியாது. ஆயினும், காயப்பட்டவர்களிடமே நேரில் போய் நிற்க அவர் துணிந்தார். கையை உதறிவிட எல்லா நியாயமும் இருந்தும், அவர்கள் கையை நீட்டினார்கள். இந்த இரண்டில் எது கடினம் என்று நாம் சிந்திப்போம். யாரையேனும் தாழ்த்தி நமக்கு ஆதரவு தேடும் ஆசை, நம் ஊரிலும், பங்கிலும், குடும்பத்திலும் எழும்போது இவரை நினைத்துக்கொள்வோம்.