பெங்களூருவில் நடப்பட்ட நாற்று
ஏமி கார்மைக்கேல் அம்மையார் (1867–1951)



நெல் விளையும் ஊர்களில் வளர்ந்தவர்கள் ஒரு காட்சியை நன்கு அறிவார்கள். நாற்றங்காலில் பச்சைப்பசேலென்று நின்ற நாற்றைப் பறித்து வயலில் நட்டவுடன், அது தலை சாய்ந்து, நிறம் மங்கி நிற்கும். அனுபவமில்லாதவர் பார்த்தால் பயிர் பட்டுப்போயிற்று என்று எண்ணுவார். விவசாயியோ தண்ணீரைக் கட்டிவிட்டுப் பொறுமையோடு காத்திருப்பார். சில நாட்களில் மண்ணுக்குள் புதுவேர் ஓடும். அதன்பின் பயிர் பச்சை பிடிக்கும். வாடித் தோன்றும் அந்த நாட்களே வேர்விடும் நாட்கள்.

ஆவிக்குரிய வளர்ச்சியும் இவ்விதமானதே. தமிழ் மண்ணில் ஆயிரக்கணக்கானோர் அம்மா என்று அழைத்த ஏமி கார்மைக்கேல் அம்மையாரின் வாழ்க்கை இதற்குச் சாட்சியாக நிற்கிறது.

விதை

அயர்லாந்தின் வடபகுதியில், கடலோரக் கிராமமாகிய மில்லைலில், 1867 டிசம்பர் 16 அன்று ஏமி பிறந்தார். ஏழு பிள்ளைகளில் இவரே மூத்தவர். தாயைப் போலத் தனக்கும் நீலநிறக் கண்கள் வேண்டும் என்று சிறுமியாக ஜெபித்துவிட்டு உறங்கினார். காலையில் கண்ணாடியில் பார்த்தபோது கண்கள் பழுப்பு நிறமாகவே இருந்தன. கேட்டது கிடைக்காத ஏமாற்றம் அது. ஆனால் பிற்காலத்தில் இந்தியப் பெண்களைப் போல உடையணிந்து கிராமங்களில் நடமாட அந்தப் பழுப்புக் கண்களே துணைசெய்தன. விதைக்குள் எதை வைக்கவேண்டும் என்பதை விதைக்கிறவர் அறிந்திருக்கிறார்.

1885-இல் தந்தை மரித்தார். பெல்பாஸ்ட் நகரின் ஆலைகளில் உழைத்த ஏழைப் பெண்களிடையே ஏமி ஊழியத்தைத் தொடங்கினார். 1893-இல் ஜப்பானுக்கு மிஷனெரியாகச் சென்றார். பதினைந்து மாதங்களில் உடல்நலம் குன்றியது. இலங்கையில் சிலகாலம் தங்கியபின் தாயகம் திரும்ப நேரிட்டது. முதல் நடவு வேர்பிடிக்கவில்லை என்றே பலருக்கும் தோன்றியிருக்கும்.

வாடிய நாட்கள்

1895 நவம்பரில் அவர் சென்னையில் கரையிறங்கி, அங்கிருந்து பெங்களூரு சென்றார். பெண்களிடையே ஊழியம் செய்த ஸெனானா மிஷன் சங்கத்தின் மருத்துவமனையில் அவருக்குப் பணி. உயரமான இடத்திலுள்ள அந்நகரின் இதமான தட்பவெப்பம் அவருடைய பலவீனமான உடலுக்கு ஏற்றதாக இருக்கும் என்று கருதப்பட்டது. ஆனால் வந்த உடனேயே டெங்கு காய்ச்சல் அவரைப் படுக்கையில் தள்ளியது.

காய்ச்சல் தணிந்தபின் வேறொரு போராட்டம் தொடங்கியது. பெங்களூரு தண்டுப்பகுதியில் தமிழர் திரளாக வாழ்ந்ததால், அவர் தமிழ் கற்கவேண்டியிருந்தது. மொழி எளிதில் நாவில் ஏறவில்லை. சக ஐரோப்பியரின் விருந்துகளிலும் தேநீர்க் கூட்டங்களிலும் அவர் மனம் ஒட்டவில்லை. மக்களிடம் செல்லத் துடித்தார், பேசவோ மொழியில்லை. உடனிருந்தோர் நடுவிலும் தனிமை அவரை வாட்டியது. 28 வயதில், இரண்டாம் முறையும் தோற்றுவிட்டோமோ என்ற கேள்வி எழுவதற்கு எல்லாக் காரணங்களும் இருந்தன.

அந்த ஓராண்டில் பெங்களூருவில் அவர் சாதித்ததாகச் சொல்லத்தக்க செயல் எதுவுமில்லை. ஆயினும் மண்ணுக்குள் வேர் இறங்கிக்கொண்டிருந்தது. மனிதரின் தோழமை குறைந்த இடத்தில் தேவனுடைய தோழமையைச் சார்ந்திருக்கக் கற்றுக்கொண்டார். தமிழ் எழுத்துக்களோடு நாள்தோறும் போராடினார். 1896-இல் நீலகிரியில் தாமஸ் வாக்கர் என்ற மிஷனெரியைச் சந்தித்தார். தமிழில் புலமை பெற்றிருந்த வாக்கர் அவருக்குக் கற்பிக்க முன்வந்தார். அவ்வாண்டு டிசம்பரில் நாற்று மீண்டும் பெயர்க்கப்பட்டு, திருநெல்வேலிச் சீமையில் நடப்பட்டது.

இம்முறை பயிர் பச்சை பிடித்தது!

நிழல்மரம்

பண்ணைவிளையைத் தங்குமிடமாகக் கொண்டு, பொன்னம்மாள் முதலான தமிழ்ப் பெண்களுடன் மாட்டு வண்டியில் ஊர் ஊராகச் சென்றார். 1901 மார்ச் மாதத்தில், கோவிலுக்கு ஒப்படைக்கப்படவிருந்த பிரீனா என்ற ஏழு வயதுச் சிறுமி தப்பி வந்து அவரிடம் அடைக்கலம் புகுந்தாள். சுற்றித் திரிந்த சுவிசேஷகி அன்றுமுதல் தாயானார். டோனாவூரில் வேரூன்றிய அந்த இல்லத்தில் 1913-க்குள் நூற்றுக்கும் மேற்பட்ட பிள்ளைகள் வளர்ந்தனர். 1918 முதல் ஆண் குழந்தைகளும் சேர்க்கப்பட்டனர். பெண்களைக் கோவில்களுக்குப் பொட்டுக்கட்டும் வழக்கத்தை மதராஸ் மாகாணம் 1947-இல் சட்டத்தினால் தடைசெய்தது. அதைக் காணும் நாள்வரை அம்மையார் உயிரோடிருந்தார்.

பிள்ளைகளுக்கு மரங்களையும் பறவைகளையும் பூச்சிகளையும் காட்டிப் பாடம் சொல்வது அவருக்குப் பிரியமான பணி. 1917-இல் களக்காடு மலையில் நரைக்காடு என்னும் வனப்பகுதி வாங்கப்பட்டது. கோடைக்காலத்தில் பிள்ளைகளும் ஊழியரும் அங்கே சென்று இளைப்பாறினர். 1920-இல் வெளிவந்த அவருடைய நூலொன்று அந்தக் காட்டைப் பற்றியதே. 1938-இல் இயற்கைக் காட்சிகளின் படங்களோடு, அவற்றின் வழியே ஆவிக்குரிய உண்மைகளை விளக்கும் சிறுநூலொன்றையும் எழுதினார்.

அந்த மலைக்காடு நமக்கும் ஒரு பாடம் சொல்கிறது. பெய்யும் மழையைக் காடு உடனே ஓடவிடுவதில்லை. சருகிலும் மண்ணிலும் வேர்களிலும் தேக்கிவைத்து, மழையற்ற நாட்களில் ஓடையாகக் கசியவிடுகிறது. மலையில் காடு அழிந்தால் அடிவாரத்தில் ஆறு வற்றும். தனி ஜெபத்தில் பெற்றதைத் தேக்கிவைக்காத ஊழியனின் நிலையும் அதுவே.

கவாத்து

1931 செப்டம்பர் 24 காலையில், தம்மை இன்னும் பயனுள்ளவராக்கத் தேவன் எதைச் செய்தாலும் சம்மதம் என்று அம்மையார் ஜெபித்தார். அன்று மாலை களக்காட்டில், மங்கிய வெளிச்சத்தில், தோண்டப்பட்டிருந்த குழியில் தவறி விழுந்தார். கால் எலும்பு முறிந்தது, முதுகுத்தண்டும் பாதிக்கப்பட்டது. அதன்பின் ஏறத்தாழ இருபது ஆண்டுகள், பெரும்பாலும் தம் அறையும் படுக்கையுமே அவருடைய உலகமாயின.

தோட்டக்காரர் கவாத்து செய்தபின் செடியைப் பார்த்தால் பாழாக்கிவிட்டார் என்றே தோன்றும். ஆனால் அவர் காய்ந்த கிளையை மட்டுமல்ல, நல்ல கிளையையும் வெட்டுகிறார். கனிகொடுக்கிற கொடியையே பிதா சுத்தம்பண்ணுகிறார் என்பதை யோவான் 15-ஆம் அதிகாரத்தில் காண்கிறோம். நடக்க இயலாத அந்த ஆண்டுகளில் பத்துக்கும் மேற்பட்ட நூல்கள் அவருடைய படுக்கையிலிருந்து பிறந்தன. நோயாளிகளுக்காக ஒரு நோயாளி எழுதிய புத்தகமும் அவற்றில் ஒன்று. வலி நீங்கவில்லை, வலியின் நடுவில் கனி வந்தது.

1951 ஜனவரி 18 அன்று அவர் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். இந்தியாவுக்கு வந்தபின் 55 ஆண்டுகள் அவர் ஒருமுறைகூட விடுப்பில் தாயகம் செல்லவில்லை. தம் கல்லறையின்மேல் கல் எதுவும் வைக்கவேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருந்தார். எனவே பிள்ளைகள் அங்கே பறவைகளுக்கான தண்ணீர்த் தொட்டியொன்றை அமைத்து, அம்மா என்ற ஒரே சொல்லைப் பொறித்தனர்.

நாம் எங்கே நிற்கிறோம்?

பிரியமானவர்களே, மொழி தெரியாத மாநிலத்தில் முதல் ஆண்டைக் கழிக்கும் ஊழியர் நம்மிடையே உண்டு. வியாதியினால் முடங்கியவர்களும், உழைத்த இடத்தில் பலன் காணாமல் சோர்ந்தவர்களும் உண்டு. நாம் அவர்களை எப்படி அளவிடுகிறோம்? அறிக்கையில் எண்ணிக்கை இல்லையென்றால் பயிர் பட்டுப்போயிற்று என்று தீர்த்துவிடுகிறோமா? 1896-இல் பெங்களூருவிலிருந்து அந்த இளம்பெண்ணைத் தாயகம் அனுப்பியிருந்தால், டோனாவூர்ப் பிள்ளைகளின் கதி என்னவாகியிருக்கும்?

நாற்றைப் பிடுங்கிப் பார்த்து வேரைச் சோதிப்பவர் விவசாயி அல்ல. முன்பு முளை, பின்பு கதிர், அதன்பின் கதிரில் நிறைந்த தானியம் என்ற ஒழுங்கை ஆண்டவர் போதித்தார் (மாற்கு 4:28). வாடி நிற்கும் ஓர் ஊழியரின் பெயரை இந்த மாதம் நினைவுகூருங்கள். அவருக்காக ஜெபியுங்கள், ஒரு கடிதம் எழுதுங்கள். வயலில் தண்ணீர் கட்டுவது நம் பங்கு. விளையச் செய்கிறவர் தேவன்.